பனி பெய்யாத படங்கள்

இச்சிஹாரா
9 ஜனவரி 1993

அன்புள்ள சாயோ,

கூரைப் பனியை இந்த வருஷம் யார் தள்ளுகிறார்கள்? நீதான் ஏறுகிறாய் என்றால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறு. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே பனி கிடையாது. கடல்காற்று மட்டும் சட்டைக்குள் புகுந்து எலும்பை எண்ணிப் பார்க்கிறது. கோஹரு நன்றாக இருக்கிறாள்.

நீ அனுப்பிய ஹதாஹதா மீன் வந்து சேர்ந்தது. வீடு முழுக்க நம் ஊர் வாடை. கோஹருவின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால் எனக்கு இரண்டு பங்கு. என் மாமியார் உன்னைப் பற்றி விசாரித்தார். "தங்கச்சிக்கு இருபத்தாறு ஆகப்போகுதாமே? இருபத்தஞ்சு தாண்டின கிறிஸ்துமஸ் கேக்கை யாரு வாங்குவா?" என்றார். "எங்க ஊர்ல மறுநாள் கேக்தான் ருசின்னு சொல்வாங்க" என்றேன். இப்படி யாரும் சொல்வதில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேக் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸ்ட்ராபெரி கேக் வாங்கினேன். வரிசையில் நின்று பொரித்த கோழி வாங்கினேன். நுரைக்கிற ஒயின் ஒரு பாட்டில், கழுத்தில் தங்கத்தாள் சுற்றி, லேபிளில் ஓர் அன்னம் நீந்துகிற மாதிரி. அவர் போன் செய்து வேலை முடியவில்லை என்றார். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. நான் போனை வைத்தேன். கோஹருவைத் தூங்கவைத்துவிட்டு ஒயினைத் திறந்து சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். முழு பாட்டிலையும். மறுநாள் காலை குப்பை போடும் இடத்துப் பாட்டில் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே, அன்னம் தெரிகிற மாதிரி வைத்தேன்.

இந்த நிறுவனக் குடியிருப்பைப் பற்றி உனக்குத் தெரியாது. குப்பை போடும் இடத்தில் பிரிவுத் தலைவரின் மனைவி குராமோச்சி அம்மாள் தினமும் நிற்பார். எந்த வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பது அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். "அடடே, இசெகி வீட்டம்மா, ராத்திரி ஜோர்தான் போல!" என்றார். நான் குனிந்து நன்றி சொன்னேன். நன்றி! எதற்கு என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஒயினைக் கொட்டிய அன்று இரவு எந்தச் சேனலைத் திருப்பினாலும் பனி, மணி, முத்தம். கடைசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. தென்கடலில் மீன் பிடிக்கப் போகிற கப்பல். ஒரு பெண்கூட இல்லை. வலை இழுக்கிறார்கள், மழை பெய்கிறது, தூங்குகிறார்கள். அது முடியும்வரை நான் நிம்மதியாக இருந்தேன்.

அம்மா காதுக்குப் போகவேண்டாம். உன்னிடம் சொன்னதில் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

கழுத்துக்குத் துண்டு சுற்றிக்கொண்டு வேலைக்குப் போ.
மடோகா

*

நோஷிரோ
20 ஜனவரி 1993

அன்புள்ள அக்கா,

கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறினேன். கயிற்றின் மறுமுனையை அம்மா பிடித்திருந்தாள், அதுதான் பயமாக இருந்தது. நீயும் கோஹருவும் வெந்நீரில் நன்றாக ஊறிவிட்டுத் தூங்குங்கள்.

உன் கடிதத்தை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் சிரித்தேன், "நன்றி!" என்ற இடத்தில். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டேன். அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

நீ சொன்ன கப்பல் படம் எங்கள் வீடியோ கடையில் இருக்கிறது! அடித்தட்டில், யோகாசனக் கேசட்டுகளுக்குப் பின்னால். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. "ஓனுமா சார், இந்தப் படம் எப்படி?" என்று முதலாளியைக் கேட்டேன். "எந்தப் படம்? ஓ, அதுவா. மீன் வேணும்னா சந்தைக்குப் போவாங்க, என் கடைக்கு ஏன் வராங்க" என்றார். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அந்தக் கப்பலில் யாரும் சந்தோஷமாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. அன்னத்தை மறந்துவிடு.
சாயோ

*

நோஷிரோ
8 டிசம்பர் 1993

அன்புள்ள அக்கா,

நேற்று இடி இடித்தது, வழக்கம்போல அதோடு ஹதாஹதா கரைக்கு வந்துவிட்டது. பெட்டி அடுத்த வாரம் உன் வாசலில். எல்லோரும் சுகம். கோஹருவின் இருமல் நின்றதா?

கடையில் ஒரு வேலை செய்திருக்கிறேன். பெருமையாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். டிசம்பர் பிறந்தால் சிவப்புத் துணி விரித்த தட்டில் உள்ள கிறிஸ்துமஸ் படங்கள் எல்லாம் பறந்துவிடும். தாமதமாக வருகிறவர்கள் காலித் தட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓனுமா சார் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா சாயோ, காதல் படமெல்லாம் போயிடுச்சு. மீதி டேப்பெல்லாம் என்னைப் பாத்து இளிக்குது. நீதான் ராப்பகலா படிக்கிற பொண்ணாச்சே, ஏதாவது எழுதி ஒட்டேன்" என்றார்.

எல்லாக் கடையிலும் சின்ன அட்டையில் கையால் எழுதி ஒட்டுவார்களே, "கண்ணீர் நிச்சயம்!", "குடும்பத்தோடு பாருங்கள்!" என்று, அந்த மாதிரிதான். ஆனால் நான் படத்தைப் பற்றி எழுதவில்லை. யார் பார்க்கவேண்டும் என்று எழுதினேன். மீதிப் படங்களை அடுக்கிய தட்டுக்கு "பனி பெய்யாத படங்கள்" என்று பெயர். கொளுத்தும் வெயிலில் நடக்கும் ஒரு நீதிமன்றப் படம். அதற்கு: "அலுவலக விருந்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தவருக்கு. இங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். எல்லோருக்கும் வியர்க்கிறது." பழுதான லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு திருடர்களின் படம். அதற்கு: "சண்டை போட்டுவிட்டு, ஒரே அறையில் தூங்கவேண்டிய கணவன் மனைவிக்கு." எறும்புகளைப் பற்றிய ஆவணப்படம்: "எல்லாக் கேள்விக்கும் 'இன்னும் இல்லை' என்று பதில் சொல்லிக் களைத்த, இருபத்தைந்து தாண்டிய பெண்ணுக்கு." இது நான்தான்.

இன்னும் சில எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாளே தட்டில் பாதி காலி. ஓனுமா சார் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார், கோழி முட்டைக்குப் பதில் கல் போட்டுவிட்டது, அதையும் ஆட்கள் வாங்குகிறார்கள் என்பதுபோல.

உடம்பு பத்திரம்.
சாயோ

*

இச்சிஹாரா
14 டிசம்பர் 1993

அன்புள்ள சாயோ,

மீனும் கடிதமும் ஒன்றாக வந்தன, கடிதத்தில் மீன் வாசனை. இருமல் நின்றது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

எறும்பு அட்டையைப் படித்து அடுப்பில் இருந்ததைக் கருகவிட்டேன். நீ பள்ளியில் எழுதிய கட்டுரைகளை அப்பா ஒளித்து வைத்துப் படிப்பார், அது ஞாபகம் வந்தது. கோஹரு, "சின்னம்மா எறும்புக்கு வீடியோ காட்டறாளா?" என்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கமுடியாது.

அந்தக் கப்பல் படத்தையும் தட்டில் வைத்தாயா? அதற்கு என்ன எழுதினாய்? அதை அனுப்பு. என் படமாச்சே.

மார்ச்சில் கோஹருவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறேன். இரண்டு வாரமாவது இருப்பேன். அவர் வரமாட்டார். உன்னிடம் பேசவேண்டியது நிறைய இருக்கிறது, கடிதத்தில் எழுத முடியாதவை. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

குளிரில் நின்று சிகரெட் பிடிக்காதே, அம்மாவுக்குத் தெரியும்.
மடோகா

*

நோஷிரோ
28 டிசம்பர் 1993

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு மோச்சிக்குச் சோறு இடித்தாயிற்று, அம்மா கை வலிக்கிறது என்கிறாள், ஆனால் இடிப்பதை விடமாட்டாள். நீங்கள் மூவரும் சுகமாகப் புத்தாண்டைப் பாருங்கள்.

தோக்கியோவில் இருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரர் வந்தார்! அகிதாவில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர், யாரோ சொல்லிக் கடைக்கு வந்திருக்கிறார். தட்டைப் படம் எடுத்தார், அட்டைகளை ஒவ்வொன்றாகவும் எடுத்தார். "இவங்கள்லாம் நிஜமான ஆட்களா?" என்று கேட்டார். "இல்ல, எல்லாம் கற்பனை" என்றேன். ஓனுமா சார் பின்னால் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தார். அவரையும் ஒரு படம் எடுக்கவேண்டியதாயிற்று.

கப்பல் படத்துக்குப் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. மார்ச்சில் வரும்போது நேரில் பார்த்துக்கொள்.

உன் அறையில் சூடேற்றியைப் பழுது பார்த்து வைக்கிறேன்.
சாயோ

*

இச்சிஹாரா
18 பிப்ரவரி 1994

மதிப்புக்குரிய சாயோ அவர்களுக்கு,

நாள்காட்டியில் வசந்தம் பிறந்துவிட்ட போதிலும் குளிர் தணியாத இந்நாட்களில், தாங்களும் தாயாரும் எவ்விதக் குறையுமின்றி நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கும் அனைவரும் நலம்.

தங்கள் பணி பத்திரிகையில் வெளியானதைக் கண்டு மகிழ்ச்சி அடைந்தேன். இச்சமயத்தில் சில அசௌகரியங்கள் காரணமாக, மார்ச் மாதம் வருவதாகக் கூறியிருந்த பயணத்தை மேற்கொள்ள இயலவில்லை. தாயாரிடம் தாங்களே தெரிவித்துவிடும்படி வேண்டுகிறேன்.

பருவம் மாறும் காலம். தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

இசெகி மடோகா

*

நோஷிரோ
23 பிப்ரவரி 1994

அக்கா,

நீ எனக்குத் "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். உன் புகுந்த வீட்டுப் பெயரோடு கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையின் பின்பக்கம், டேப்புகளைச் சுற்றிவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நீ பார்த்துவிட்டாய். யார் காட்டினார்கள் என்று தெரியவில்லை. பத்திரிகையில் அந்தக் கப்பல் பட அட்டையைத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், கீழே என் பெயரும் ஊரும். நீ பார்த்ததையே திரும்ப எழுதுகிறேன். என் கையாலேயே இன்னொரு முறை உனக்கு எழுதாவிட்டால் மன்னிப்புக் கேட்டதாக ஆகாது.

"யாரும் குடிக்காத ஒயினைத் தொட்டியில் கொட்டிவிட்டு, லேபிளில் அன்னம் நீந்தும் அந்தப் பாட்டிலை, இது விருந்து நடந்த வீடு என்று அக்கம்பக்கம் நம்பட்டும் என்பதற்காக, காலையில் கூடையின் மேலே வைத்த பெண்ணுக்கு. இந்தப் படத்தில் வலை இழுக்கிறார்கள், மழை பெய்கிறது, தூங்குகிறார்கள். இது ஓடும்வரை நீங்கள் யாருக்கும் சந்தோஷமாகத் தெரியவேண்டாம்."

கடைசி வரியைத் தவிர எல்லாம் உன்னுடையது. வலையும் மழையும் தூக்கமும்கூட.

நோஷிரோவில் ஒரு வீடியோ கடையின் அட்டை, இச்சிஹாராவில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இதுதான் முதலில் எழுத நினைத்த சமாதானம். இது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. உண்மை இதுதான்: அட்டையை ஒட்டுவதற்கு முன் அன்னத்தை எடுத்துவிடப் பார்த்தேன். அன்னம் இல்லாவிட்டால் அது எந்தப் பாட்டிலாகவும் இருக்கும், எந்தப் பெண்ணாகவும் இருக்கும். எடுத்துவிட்டுப் படித்தேன். வரி சப்பென்று ஆகிவிட்டது. திரும்ப வைத்தேன். அப்போது உன் முகம் ஞாபகம் வந்தது. வந்தும் வைத்தேன்.

நீ அட்டையைக் கேட்டபோது "பெரிதாக ஒன்றும் எழுதவில்லை" என்றேன். பத்திரிகைக்காரரிடம் கற்பனை என்றேன். அவர் "என்ன கற்பனை!" என்று வியந்தபோது தலைகுனிந்து நன்றி சொன்னேன். உன்னைப் போலவே.

அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அம்மாவிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

அங்கே என்ன நடந்தது? யார் என்ன சொன்னார்கள்? அத்தான் பார்த்தாரா? திட்டியாவது எழுது.

சாயோ

*

நோஷிரோ
10 மே 1994

அக்கா,

செர்ரி பூத்து உதிர்ந்துவிட்டது. அம்மாவுக்கு உடம்பு தேவலை. கோஹரு பள்ளிக்குப் போகிறாளா, அழுகிறாளா?

பதில் வரும் என்று எதிர்பார்த்து எழுதவில்லை. எதிர்பார்க்கவில்லை என்பதும் பொய்தான்.

தட்டை எடுத்துவிட்டேன். ஓனுமா சார் கத்தினார். "பைத்தியமா உனக்கு? அக்கம்பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் வராங்க! தங்க முட்டை போடுற கோழி தானே போயி குழம்புல குதிக்குது!" என்றார். நான் அட்டைகளைக் கிழித்து டீ போடும் அடுப்பில் போட்டேன். அவர் அடுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டு விஷயம் அது?" என்று கேட்டார். நான் அடுப்பு மூடியைச் சாத்தினேன். "சரி விடு" என்று சொல்லி ரேடியோவைத் திருகினார்.

ஒன்று நடந்தது. எழுதலாமா கூடாதா என்று பலநாள் யோசித்தேன். பத்திரிகை வந்த பிறகு மூன்று பெண்கள், தனித்தனியாக, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்கள். மூவரும் குரலைத் தாழ்த்தி ஒன்றையே கேட்டார்கள். "உங்களுக்கு யாரு சொன்னாங்க?" ஒருவர் எனக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருடையது ஒயின் இல்லை, தனியாக இருக்கும் வீட்டு வாசலில் வைக்கிற இரண்டு ஜோடிச் செருப்பு. ஒருவர், "அன்னம் இல்லங்க, என்னோடது மான் படம்" என்றார், நான்தான் தவறாக எழுதிவிட்டேன் என்பதுபோல.

இதைப் படித்து உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பார், எத்தனை பேர்! ஆனால் எழுதும்போதே தெரிகிறது, ஆறுதல் தேடுவது நான். அவர்களையும் இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன். செருப்பையும் மானையும் உன்னிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு இந்த வியாதி இன்னும் போகவில்லை, அக்கா.

அம்மா, "மடோகா ஏன் போன் பண்றதில்ல? ரெண்டு பேரும் சண்டையா?" என்கிறாள். "இல்லம்மா, அவளுக்கு வேலை" என்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.
சாயோ

*

(கோடைக்கால வாழ்த்து அட்டை. ஒரு பக்கம் அச்சிட்ட தங்கமீன்கள்.)

இச்சிஹாரா
ஆகஸ்ட் 1994

கடும் வெயில் காலத்தில் தங்கள் குடும்பத்தார் அனைவரின் நலனையும் விசாரிக்கிறோம்.
இசெகி தகுரோ, மடோகா, கோஹரு

கோஹருவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கூரை மேல் வீசச் சொன்னாள், இங்கே எட்டவில்லை.

*

நோஷிரோ
10 டிசம்பர் 1994

அக்கா,

இந்த வருஷம் இடி தாமதம். ஹதாஹதாவும் தாமதம். கிடைத்ததை அனுப்புகிறேன். எல்லோரும் சுகமா?

தங்கமீன் அட்டையின் கடைசி வரி கையால் எழுதியது. அதைப் பலமுறை படித்தேன். இங்கே கூரை தாழ்வுதான், பல்லைக் கொடுத்தனுப்பினால் நான் வீசுகிறேன்.

பெட்டியில் மீனுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்தக் கப்பல் படம் இருக்கிறது. கடையில் இருந்து சொந்தமாகவே கேட்டு வாங்கினேன், உனக்கு அனுப்ப. "என்னம்மா, உன் சின்ன அட்டை வெக்காம குடுக்கறே? அட்டை இல்லாம அதை எவன் பாப்பான்?" என்றார் ஓனுமா சார். "பாக்கறவங்க பாப்பாங்க" என்றேன்.

சிவப்புத் துணித் தட்டு மறுபடியும் காலியாகிவிட்டது. தாமதமாக வந்தவர்கள் போன வருஷத் தட்டைக் கேட்கிறார்கள். அந்தப் படங்களை மறுபடி எடுத்து வைத்தேன். பெயரும் எத்தனை நிமிஷம் என்பதும் மட்டும் எழுதினேன். ஒருவர் எறும்புப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாருக்கு?" என்று கேட்டார். "உங்களுக்கு வேணும்னா உங்களுக்கு" என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உன்னிடம் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சாயோ

*

இச்சிஹாரா
28 டிசம்பர் 1994

சாயோ,

உன் மீன் வாடை டேப்பிலும் ஏறிவிட்டது. பெட்டியைத் திறந்தவுடன் கோஹரு, "கப்பல்லேர்ந்தே வந்திருக்கு!" என்றாள்.

என்ன நடந்தது என்று கேட்டாயே, கேள்.

பிப்ரவரியில் குராமோச்சி அம்மாள் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு குப்பை போடும் இடத்தில் நின்றார். அழகு நிலையத்தில் இருந்து கேட்டு வாங்கி வந்தாராம். "இசெகி வீட்டம்மா, நோஷிரோ உங்க பொறந்த ஊருதானே? சாயோன்னு ஒரு தங்கச்சிகூட இருக்கறதா சொன்னீங்களே? நல்லா எழுதறாளே!" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் படித்துக் காட்டினார். அன்னம் வந்தபோது நிறுத்தி என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த அன்னம் ஞாபகம் இருந்தது. அவருக்கு எந்த வீட்டுப் பாட்டிலும் மறக்காது. அதற்கு அடுத்த வாரம் என் கதவுக்கு வெளியே யாரோ ஒரு காலி ஒயின் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கழுவித் துடைத்து, பளபளவென்று. நான் அதையும் கூடைக்குத்தான் எடுத்துப் போகவேண்டியிருந்தது. எல்லோரும் பார்க்க.

கோஹருவின் அப்பாவும் அதைப் படித்தார். மறுநாளில் இருந்து சூரியன் மறைவதற்குள் வீட்டுக்கு வந்தார். மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, நான் வைத்ததைச் சாப்பிட்டார், தொலைக்காட்சியைக்கூடப் போடவில்லை. தண்டனை அனுபவிக்கிற மாதிரி ஒரு முகம். ஒரு வாரம் இப்படி. பிறகு மறுபடி போன் வந்தது, வேலை முடியவில்லை என்று. உண்மையைச் சொன்னால், போன் வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை. எனக்குத் தெரியாமல் இருந்ததை நான் தெரிந்துகொள்ளவேண்டியதாயிற்று.

இன்னொன்று. உன் அட்டை நன்றாக இருந்தது. குராமோச்சி அம்மாள் படிக்கும்போதே, அவமானத்தில் காது எரியும்போதே, நன்றாக எழுதியிருக்கிறாள் என்று எனக்குள் ஒன்று நினைத்தது. அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மட்டமாக எழுதியிருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மார்ச்சில் உன்னிடம் பேசவேண்டும் என்று இருந்ததை எல்லாம் விழுங்கிவிட்டேன். இப்போது கேட்டால் ஞாபகம் இருக்குமா தெரியவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் கோல்ஃப் விளையாட இசுவுக்குப் போனார். கேக் வாங்கவில்லை. கோழி வாங்கவில்லை. கோஹருவும் நானும் வெந்நீர் ஊற்றி ஆளுக்கு ஒரு கப் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு உன் டேப்பைப் போட்டோம். எனக்குப் பயம், அவள் கிறிஸ்துமஸ் தாத்தா எங்கே என்று கேட்பாள் என்று. கேட்கவில்லை. கடைசிவரை ஒன்றுதான் கேட்டாள், "இவங்கல்லாம் எப்போ வீட்டுக்குப் போவாங்க?" என்று. "மீன் கெடச்சதும்" என்றேன். "கெடைக்கலன்னா?" என்றாள். "கெடைக்கலன்னாலும் போவாங்க" என்றேன். தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை குப்பை. எங்கள் குடியிருப்பில் உள்ளே தெரிகிற பையில், வீட்டுப் பெயர் எழுதித்தான் போடவேண்டும். எப்போதும் காகிதத்தில் சுற்றி, எதுவும் தெரியாமல் அடுக்குவேன். இந்த முறை இரண்டு நூடுல்ஸ் கப்பையும் வெளிப்பக்கமாக, "இசெகி" என்று எழுதின இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக் கட்டினேன். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. குராமோச்சி அம்மாள் பார்த்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலை வணக்கம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொல்லவில்லை.

யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது என்று இரண்டு நாள் பார்த்தேன். வேறு யாரும் இல்லை, சாயோ. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இதை எழுதாதே.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி?
மடோகா

*

நோஷிரோ
4 ஜனவரி 1995

அக்கா,

அம்மாவுக்கு முழங்கால் குளிரில் வலிக்கிறது, வெயில் வந்தால் சரியாகிறது. உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. யாரிடமும் என்றால் இந்த முறை யாரிடமும்தான்.

ஒன்றை மறைத்தால் மறுபடி அதே ஆளாகிவிடுவேன், அதனால் சொல்கிறேன். பெரிய கப்பும் சிறிய கப்பும் வருகிற இடத்தைப் படித்தபோது என் தலைக்குள் ஒரு வரி தானாக வந்தது. யாருக்கு, எந்தப் படம், எல்லாம் சேர்ந்து முழுசாக. நன்றாகவும் இருந்தது. அடுப்புப் பக்கத்தில் காது எரிய உட்கார்ந்திருந்தேன், அது போகட்டும் என்று. முழுசாகப் போகவில்லை. அதை எங்கும் எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை. உனக்கும் சொல்லமாட்டேன்.

உன் அறையின் சூடேற்றி போன வருஷம் பழுது பார்த்ததுதான், யாரும் பயன்படுத்தாததால் இன்னும் நன்றாக எரிகிறது. மார்ச்சில் வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கோஹருவின் பல்லை மட்டுமாவது அனுப்பு. கூரை மேல் இப்போது பனி இருக்கிறது. உருகியதும் வீசுகிறேன்.

சாயோ